மல்வேட்டி மஞ்சளான வழக்கு

"வெள்ளை வேட்டியை எடுத்துக்கிட்டு அதே எடத்துல மஞ்ச வேட்டியை வச்சிட்டுப் போறான். இதுதாங்க திருட்டு" என்றார் நாகராசு.

துப்பறியும் ஆண்டியப்பன் மேசைமேல் கிடந்த மல்வேட்டியைப் பார்த்தார். அது வெள்ளையாக இருந்தது. எழுந்து ஜன்னலை அகலத் திறந்துவிட்டு மறுபடி பார்த்தார். இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

"எத்தனை நாளா இந்தத் திருட்டு நடக்குது?"

"ஒரு மாசமா. தீபாவளிச் சரக்கு வந்து எறங்குற நேரம். பேல் பேலா, கட்டோட மாத்திட்டான்."

"யாரு?"

"சேவுகன். என் கடைக் குமாஸ்தா. இருபத்தேழு வருஷம் கூட இருந்தவன். பன்னெண்டு நாளைக்கு முந்தி வெளிய அனுப்பிட்டேன்."

"அவரை அனுப்புனதுக்கு அப்புறம் வந்த சரக்கு?"

"அதுவும் மஞ்சதான். கள்ளச்சாவி போட்டிருக்கான்."

ஆண்டியப்பனின் அலுவலகம் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. சமஸ்தானம் இருந்தவரை அவர் சமஸ்தானப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 1948-ல் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தபோது மற்றவர்களையெல்லாம் எங்கெங்கோ சேர்த்தார்கள். அவரை எதிலும் சேர்க்க விட்டுப்போயிற்று. அதற்கப்புறம் ஒன்பது வருஷமாகத் தனியாகத் துப்பறிகிறார். உதவியாளர் சந்தனமேரி ஆவூர்ப் பெண். வயது முப்பத்திரண்டு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அறிக்கைகளை டைப் அடிக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அறிக்கைகள் குறைவாக இருந்ததால் மீதி நேரத்தில் பேசினாள்.

வந்திருந்த நாகராசுக்கு அதே வீதியில் எட்டுக் கடை தள்ளி ஜவுளிக் கடை. அறுபத்தொரு வயது. கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவி நூல் என்ன நம்பர் என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. மில் ஏஜெண்டுகள் அவர் முன்னால் பேலைப் பிரிக்கும்போது தங்கள் வேட்டியையும் ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் இப்போது நாற்காலியில் தொளதொளவென்று உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்துக்கும் இடம் இருந்தது.

அவர் மடியிலிருந்து இன்னொரு வேட்டியை எடுத்தார்.

"இது நாலு வருஷமா இரும்புப் பெட்டியில வச்சிருக்கிற சாம்பிள். இதோட ஒத்துப் பாத்துத்தான் எந்தச் சரக்கையும் வாங்குவேன். நேத்துப் பெட்டியத் தொறந்தா, இதையும் மாத்தி வச்சிருக்கான்."

"பெட்டிச் சாவி?"

"என் அரைஞாண்ல."

"அரைஞாணை விட்டுட்டு வேட்டியை மட்டும் மாத்திருக்கான் சார். மரியாதை தெரிஞ்ச திருடன்" என்றாள் சந்தனமேரி.

ஆண்டியப்பன் அவளுடைய டைப்ரைட்டரிலிருந்து ஒரு தாளை உருவி நாகராசு முன்னால் நீட்டினார்.

"இது என்ன நிறம்?"

"மஞ்சக் காயிதம். ஏன், வெள்ளைக் காயிதம் வாங்கக் கட்டுப்படி ஆகலையா?"

சந்தனமேரி தாளைப் பார்த்தாள். பிறகு ஆண்டியப்பனைப் பார்த்தாள்.

"போலீசுல சொன்னீங்களா?"

"சொன்னேன். ரைட்டரு வேட்டியப் பாத்துட்டு, வெள்ளையாத்தான இருக்குன்னு சிரிக்கிறான். அவனும் கூட்டு. நீங்க திங்கக்கிழமைக்குள்ள சாட்சி பிடிச்சுக் குடுங்க. சேவுகன கோர்ட்டுல நிறுத்திடுறேன்."

அன்று வியாழக்கிழமை.

"இருங்க, ஒரு சிமிட்டா பொடி போட்டுக்கிட்டு வாரேன்" என்று நாகராசு எழுந்தார். மடியிலிருந்து வெள்ளிப் பொடி டப்பாவை எடுத்தார். அது லேசாகக் கலகலத்தது. வெளியே போய் மாடிப்படி ஓரமாகத் திரும்பி நின்றார். உள்ளே வந்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு தாயி" என்றார். குடித்தார். படியில் ஒவ்வொன்றாக நின்று நின்று இறங்கிப் போனார்.

"காமாலை சார்" என்றாள் சந்தனமேரி.

"அவர் கண்ணைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். வேட்டி மாதிரி வெளுப்பா இருக்கு. சரி, காமாலை இல்லை. அப்ப என்ன?"

"அவர் கண்ணுக்கு என்னமோ ஆயிருக்கு. அது தெரியாம ஒரு மனுசனைத் திருடன்னு சொல்லிட்டாரு. அந்த மனுசனைப் பாத்துட்டு வருவோம்."

சேவுகன் வீடு திருக்கோகர்ணத்தில். ஆண்டியப்பன் சைக்கிளில் போனார். சந்தனமேரி பஸ்ஸில் போய், அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, அவருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

சேவுகனுக்கு ஐம்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று இருந்தார். வேலை இல்லாத பன்னிரண்டாம் நாளும் சட்டையின் மேல் பட்டனைப் போட்டிருந்தார். வந்தவர்கள் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "முதலாளி சாப்பிடுறாங்களா?"

"அவரு உங்களைத் திருடன்னு சொல்றாருங்க" என்றார் ஆண்டியப்பன்.

"அது எனக்குத் தெரியும். சாப்பிடுறாங்களான்னு கேட்டேன்."

ஆண்டியப்பன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சாப்பிடுற மாதிரித் தெரியலை. என்ன நடந்துச்சு, மொதல்லருந்து சொல்லுங்க."

சேவுகன் சொன்னார். ஆடி மாதம் கடையில் ஒரு பேலைப் பிரிக்கும்போது நாகராசு மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இருதயம் பலகீனம், தினம் மருந்து சாப்பிட வேண்டும், நிறுத்தவே கூடாது என்று டாக்டர் ஒரு பாட்டில் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் நாகராசு, "எனக்கு ஒரு கேடும் இல்லை" என்று பாட்டிலை ஜட்கா வண்டியிலிருந்து தூக்கி எறிந்தார். அது மார்க்கெட் முக்கில் ஜனங்கள் பார்க்க உடைந்தது.

"அதுக்கப்புறம் மருந்துங்கிற பேச்சையே வீட்டுல யாரும் எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஆவணி பாதியிலருந்து சோறு எறங்கலை. வாந்தி. பெறகு ஒரு நாள் கடைச் சுவத்தைப் பாத்து, யாருடா மஞ்சக் காவி அடிச்சதுன்னாங்க. சுண்ணாம்புதாங்க அடிச்சிருந்துச்சு. பெறகு வேட்டி."

"வேற ஏதாச்சும் மாறிச்சா? சின்ன விசயமானாலும் பரவாயில்லை."

சேவுகன் தயங்கினார். வீட்டுக்குள் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டீ மாறிச்சுங்க. இருபத்தேழு வருஷமா மூணு மணி டீயை நான்தான் வாங்கியாந்து குடுப்பேன். ஆடி கடைசியிலருந்து மகன் முத்துராமன், நான் வாங்கியாரேன்னு சொல்லிட்டாரு. கடையில ஒரு துண்டைக்கூட மடிச்சு வைக்காத புள்ளைங்க அது. டீயை வாங்கிக்கிட்டு பீரோவுக்குப் பின்னால போயி ஒரு நிமிசம் நிப்பாரு. அப்புறம்தான் கொண்டாந்து குடுப்பாரு."

வெளியே வந்ததும் சந்தனமேரி சொன்னாள்: "சார், இது இனிமே வேட்டி கேஸ் இல்லை."

"இல்லை. மணி ரெண்டாகுது. நான் கடைக்குப் போறேன். நீங்க அவங்க வீட்டுக்குப் போங்க."

"என்னன்னு சொல்லிக்கிட்டுப் போறது?"

"உங்களுக்குத் தோணுனதைச் சொல்லுங்க."

"உண்மையைச் சொல்லிப் பாக்குறேன் சார். நம்ம தொழில்ல யாரும் அதை எதிர்பாக்க மாட்டாங்க."

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆண்டியப்பன் நாகராசு கடையில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டிருந்தார். பதினேழாவது துண்டைப் பிரித்துக் காட்டிய பையன் வெறுத்துப்போய் உள்ளே போய்விட்டான். கடையில் ஓர் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அதன் முன்னால் நின்று துண்டைத் தோளில் போட்டுப் பார்த்தால் பின்பக்கத்து பீரோ நன்றாகத் தெரிந்தது.

முத்துராமன் டீ கிளாசோடு வந்தான். இருபத்தைந்து வயது, மெல்லிய மீசை. பீரோ மறைவில் நின்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தான். அதிலிருந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டி, தாளில் வைத்து மடித்து, கெஜக்கோலின் பித்தளைப் பூணால் நசுக்கினான். பொடியை டீயில் போட்டுக் கலக்கினான்.

திரும்பியபோது எதிரே ஆண்டியப்பன் நின்றார்.

"அந்த டீயை நீங்க குடிங்க தம்பி."

"நான் குடிக்கக் கூடாதுங்க."

"அப்ப அவரு குடிக்கலாமா?"

முத்துராமன் கிளாசை இறுகப் பிடித்தான். ஆண்டியப்பன் அதை வாங்கி ஜன்னல் வழியாக ஊற்றினார். "டீயில ஈ விழுந்திருச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிருங்க. பாட்டிலைக் குடுங்க. சாயங்காலம் வீட்டுலதான இருப்பீங்க?"

"இருப்பேங்க. ஆனா இன்னிக்கு ஒரு வேளை விட்டுப்போச்சேங்க" என்றான் முத்துராமன். அவன் கண் கலங்கியிருந்தது. கொலை செய்கிற ஆள் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லையே என்று ஆண்டியப்பன் நினைத்துக்கொண்டார்.

பல்லவன்குளக் கரையில் சந்தனமேரி காத்திருந்தாள். அவள் கையிலும் ஒரு பாட்டில் இருந்தது.

"என் குற்றவாளி மகன்" என்றார் ஆண்டியப்பன்.

"என் குற்றவாளி பொண்டாட்டி" என்றாள் சந்தனமேரி. "ஒரு ஆளுக்கு ரெண்டு கொலைகாரங்க. பணக்கார வீடுல்ல சார், எல்லாத்துலயும் ரெண்டு வச்சிருக்காங்க."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"செவந்தியம்மாகிட்ட, நான் துப்பறியிறவருகிட்ட வேலை பாக்குறேன்னு சொன்னேன். ஒடனே போயி அரிசி டிரம்முக்கு முன்னால நின்னுக்கிட்டாங்க. அரிசியை யாரும் அப்படிக் காப்பாத்த மாட்டாங்க சார். கையை விட்டுப் பாத்தேன், அடியில இது இருந்துச்சு. தினம் காலையில சுக்குமல்லிக் காப்பியில பதினஞ்சு சொட்டு ஊத்திக் குடுக்குறாங்களாம். எதுக்குன்னு கேட்டேன். அழுதாங்களே தவிர சொல்லலை. அவுகளுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டாகன்னு மட்டும் சொன்னாங்க."

குளத்துக்கு மேல்கரையில் இன்னாசி மருந்துக் கடை வைத்திருந்தார். முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்து ரிட்டயரானவர். ஆண்டியப்பன் இரண்டு பாட்டில்களையும் பலகைமேல் வைத்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

இன்னாசி முதல் பாட்டிலை மோந்து பார்த்தார். ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். இரண்டாவது பாட்டிலின் லேபிளை மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் படித்தார்.

"இதுல விஷம் எது?" என்றாள் சந்தனமேரி.

"ரெண்டும் மருந்துதான் தாயி. டிஜிடாலிஸ். சீமைச் செடி ஒண்ணோட எலை. இதுல எலைச் சாறு. அதுல அதே எலையோட சத்தை எடுத்து மாத்திரையா அழுத்தி வச்சிருக்கு. பேரு வேற, நெறம் வேற, பாட்டில் வேற. சரக்கு ஒண்ணு. தளந்துபோன இருதயத்தை இழுத்துப் பிடிச்சு நிறுத்தும்." அவர் நிமிர்ந்தார். "இந்த ரெண்டையும் ஒரே ஆளா சாப்பிடுறாரு?"

ஆண்டியப்பன் ஆமாம் என்று தலையாட்டி, காலைச் சொட்டுக் கணக்கையும் டீயில் போகிற மாத்திரையையும் சொன்னார்.

"அவருக்குச் சோறு எறங்காது. குமட்டும். நாடி தள்ளாடும்." இன்னாசி கொஞ்சம் யோசித்தார். "வெள்ளையெல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்னு சொல்றாரா?"

சந்தனமேரி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சொல்றாருங்க" என்றார் ஆண்டியப்பன். "அதுக்காக ஒருத்தரை வேலைய விட்டே அனுப்பிட்டாரு."

"காலையில பதினஞ்சு சொட்டு, சாயங்காலம் ஒரு மாத்திரை. ரெட்டை அளவு. ஒரு மாசத்துல குமட்டல் வந்திருக்கும், சரி. ஆனா கண்ணு மஞ்சளாகுற அளவுக்கு இது பத்தாதே. எனக்குக் கணக்கு ஒதைக்குது. மூணாவதா எங்கிட்டோ இருந்து போகுது."

"இப்படியே இன்னும் ரெண்டு நாள் போனா?" என்றாள் சந்தனமேரி.

"இந்த மருந்து ஒடம்புல தங்கித் தங்கிச் சேரும். நாடி நாப்பதுக்குக் கீழ எறங்கி அப்படியே நின்னுபோனா, அப்புறம் மருந்து குடுக்க ஆளு தேவைப்படாது."

ஆண்டியப்பன் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திடீரென்று கேட்டார்: "மேரி, மூக்குப்பொடி டப்பாவை ஆட்டினா என்ன சத்தம் வரும்?"

"பொடி சத்தம் போடாது சார். போட்டவங்கதான் போடுவாங்க."

"காலையில அவரு தும்முனாரா?"

"இல்லை."

"மூக்கைத் துடைச்சாரா?"

"இல்லை. தண்ணி கேட்டாரு." அவள் எழுந்துவிட்டாள். "பொடி போட்டவருக்குத் தண்ணி எதுக்கு சார்?"

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டரைக் கையோட கூட்டியாங்க" என்று சொல்லிவிட்டு ஆண்டியப்பன் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஜட்காவைக் கூப்பிட்டார்.

நாகராசு வீட்டு முன்கட்டில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். மனைவி செவந்தி ஒரு பக்கம், மகன் முத்துராமன் ஒரு பக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். ஆண்டியப்பன் உள்ளே நுழைந்தபோது நாகராசின் கை மடியைத் தடவிக்கொண்டிருந்தது.

"என்ன, சேவுகன் சிக்கிட்டானா?"

"அவரு எதையும் எடுக்கலைங்க. அந்தப் பொடி டப்பாவைத் தொறங்க."

"எதுக்கு?"

"எனக்கும் ஒரு சிமிட்டா வேணும்."

"இது உங்களுக்கு ஒத்துக்காது. காரம்."

"பரவாயில்லை, தொறங்க."

"அது என் சொந்த விசயம்" என்று நாகராசு எழ முயன்றார். கால் கேட்கவில்லை. டப்பா கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து திறந்துகொண்டது. வெள்ளை மாத்திரைகள் உருண்டு ஓடி ஊஞ்சல் பலகைக்கு அடியில் போய் நின்றன. மொத்தம் பதினொன்று. பொடி ஒரு துளிகூட இல்லை.

ஆண்டியப்பன் குனிந்து ஒன்றை எடுத்தார். மற்ற இரண்டு பாட்டில்களையும் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். முத்துராமன் அம்மாவின் பாட்டிலைப் பார்த்தான். அம்மா மகனின் பாட்டிலைப் பார்த்தாள். நாகராசு இரண்டையும் பார்த்தார்.

"மூணும் ஒரே மருந்து. மூணு பங்கு உள்ள போனதுலதான் வெள்ளை மஞ்சளாத் தெரியுது" என்றார் ஆண்டியப்பன்.

"நீ எறிஞ்சிட்டீன்னு..." என்று தொடங்கிய செவந்தி, ஆத்திரத்தில் வந்த ஒருமையைத் திருத்திக்கொண்டாள். "நீங்க எறிஞ்சிட்டீகன்னு மறுநாளே நான் ஆஸ்பத்திரிக்குப் போயி வேற பாட்டில் வாங்கியாந்தேன். நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? கேட்டாக் குடிக்க மாட்டீக. அதான் காப்பியில ஊத்துனேன்."

"அம்மா குடுக்குறது எனக்குத் தெரியாது" என்றான் முத்துராமன். "நான் திருச்சியில ஒரு டாக்டர்கிட்டப் போயி விவரத்தைச் சொன்னேன். இப்ப ஏதாச்சும் மருந்து சாப்பிடுறாரான்னு கேட்டாரு. ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னேன். நான் நெனச்சது அப்படித்தானே."

"நீங்க?" என்று ஆண்டியப்பன் நாகராசைப் பார்த்தார்.

நாகராசு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சரக்கு எடுக்க மதுரைக்குப் போனப்ப அங்க ஒரு டாக்டரைப் பாத்தேன். அவரும் அதத்தான் கேட்டாரு. ஒண்ணும் சாப்பிடலைன்னேன்."

"ஏங்க, மருந்தே வேண்டாம்னுதானே ஊரு பாக்க எறிஞ்சீக?" என்றாள் செவந்தி.

"எறிஞ்சேன். அன்னிக்கு ராத்திரி படுத்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு நின்னு நின்னு வருது. பயந்துட்டேன் செவந்தி. தூக்கி எறிஞ்சவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பக் கேக்குறது? தீபாவளி நேரத்துல முதலாளிக்கு இருதயக் கோளாறுன்னா எந்த மில்லுக்காரன் நம்பிச் சரக்கு அனுப்புவான்?" இரண்டு பாட்டில்களையும் காட்டினார். "ஆக ரெண்டு பேரும் சேந்து என்னைக் கொல்லப் பாத்திருக்கீங்க."

"ரெண்டில்லைங்க, மூணு பேரு. நீங்களும் ஒருத்தருங்க" என்றார் ஆண்டியப்பன்.

அப்போதுதான் டாக்டரோடு சந்தனமேரி உள்ளே வந்தாள். டாக்டர் இளைஞர். நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். "நாப்பத்திரண்டு" என்றார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாகராசை நடக்கவிடாமல் நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். செவந்தி ஊஞ்சலுக்கு அடியில் குனிந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். சந்தனமேரியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள்.

"நான் குடுத்ததுதான் அவுகளுக்கு இப்படி ஆக்கிருச்சா?" என்று செவந்தி கேட்டாள்.

சந்தனமேரி ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். வரவில்லை. "நீங்க மட்டும் குடுத்திருந்தா நல்லா இருந்திருப்பாங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் எல்லா மருந்தையும் நிறுத்தினார்கள். முதல் இரண்டு நாள் டாக்டர் யாருக்கும் நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. செவந்தியும் முத்துராமனும் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஆடி மாதத்திலிருந்து பேசாததையெல்லாம் பேசினார்கள். திங்கட்கிழமை வந்தது, கோர்ட்டுக்கு யாரும் போகவில்லை. ஏழாம் நாள் காலையில் நாகராசு கண்ணைத் திறந்து படுக்கை விரிப்பை வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவினார். நர்சைக் கூப்பிட்டார்.

"இது இருபதாம் நம்பர் நூலு. வெளுப்பு மட்டம். எந்தக் கடையில வாங்குனீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். அப்புறம்தான் உட்கார்ந்து பேசினார். மருந்து வேண்டும், ஆனால் ஒன்றே ஒன்று. காலை எட்டு மணிக்கு அரை மாத்திரை. கொடுத்ததும் காலண்டரில் அந்தத் தேதியை அடிக்க வேண்டும். மறந்துபோனால் மறுநாள் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் இருக்கிற எல்லா பாட்டிலையும், வைத்தியர் கொடுத்தது உள்பட, பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். "முக்கியமா, குடுக்குறது ஒரே ஆளா இருக்கணும். யாரு அது?"

"நான்" என்றாள் செவந்தி.

"நான்" என்றான் முத்துராமன்.

நாகராசு படுக்கை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். டிஸ்சார்ஜ் ஆன அன்று ஜட்காவை வீட்டுக்கு விடச் சொல்லாமல் திருக்கோகர்ணத்துக்கு விடச் சொன்னார். கூட ஆண்டியப்பனும் சந்தனமேரியும் போனார்கள்.

சேவுகன் வாசலுக்கு வந்தார். நாகராசு ஜட்காவிலிருந்து இறங்கி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேவுகா, நான் சொன்னது தப்பு. என் கண்ணுதான் கெட்டுப்போயிருந்துச்சு."

"கேள்விப்பட்டேங்க."

"கடைக்கு வா."

"அது முடியாதுங்க. எதிர்ச்சாரி ஜவுளிக் கடையில சேந்துட்டேன். வாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்." சேவுகன் சட்டையின் மேல் பட்டனைச் சரிசெய்தார். "திருடன்னு பேரு வாங்குனவனை விசாரிக்காமச் சேத்துக்கிட்டாங்க. அதை விட்டுட்டு வர முடியாதுங்க."

நாகராசு தலையை ஆட்டினார். திரும்பி ஏறப்போனவர் நின்றார். சட்டைப் பையிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"அப்ப இதை மட்டுமாச்சும் நீ வச்சுக்க. செவந்தி குடுத்தா, அம்மா சரியாக் குடுத்தாங்களான்னு மகனுக்குப் பயம். அவன் குடுத்தா அவளுக்குப் பயம். எங்கிட்ட இருந்தா எனக்கே பயம். நீ இருபத்தேழு வருஷத்துல ஒரு விரக்கடைத் துணி கூடவோ குறையவோ அளந்து நான் பாத்ததில்லை."

சேவுகன் பாட்டிலை உடனே வாங்கவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இன்னும் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சேவுகன் வாங்கி லேபிளைப் படித்தார்.

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

"வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமில்லை."

சேவுகன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கீழாநெல்லி" என்றார் நாகராசு. "நிறுத்திடுறேன்."

மறுநாளிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு சேவுகன் நாகராசு வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். பிளேடால் மாத்திரையை இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கொடுப்பார். விழுங்கும்வரை நிற்பார். காலண்டரில் தேதியை அடிப்பார். எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்விடுவார்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது நாகராசு மாத்திரையை விழுங்கிவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"அங்கிட்டு மல்வேட்டி என்ன ரகம் வந்திருக்கு?"

"அது கடை ரகசியங்க" என்றார் சேவுகன். "வாயைத் தொறங்க, முழுங்கியாச்சான்னு பாக்கணும்."

நாகராசு வாயைத் திறந்து காட்டினார்.

"சரி. நான் வாரேன்" என்று சேவுகன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.